காசு கொடுத்து அழைத்த விருந்தாளி
(அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அதிர்ச்சித் தோல்வியும், வெளியூர் போகும் ரசிகர்களும்)

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையோ பேத்தியோ அமெரிக்காவில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆவணி நடுவிலிருந்து கார்த்திகை வரை, சனிக்கிழமை இரவு அவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தால், "இப்ப மேட்ச் நடக்குது, அப்புறம் பேசறேன்" என்ற பதில்தான் வரும். சில சமயம் "நாங்க ஆறு பேரு கார்ல வேற ஊருக்கு மேட்ச் பார்க்கப் போறோம்" என்பார்கள். படிக்கப் போன பிள்ளை பந்தாட்டத்துக்காக ஊர் ஊராய் அலைவானேன் என்று பெற்றோருக்குக் கவலை. அந்தக் கவலைக்குப் பதில் சொல்லும் வகையில், கல்லூரிக் கால்பந்து என்பது என்ன, ஒரு சின்னக் கல்லூரி பெரிய கல்லூரியைத் தோற்கடித்தால் அதைப் பல ஆண்டுகள் பேசுவது ஏன், தோற்பது ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தும் ரசிகர்கள் தம் அணியோடு வெளியூர் போவது ஏன் என்பவற்றை, ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு விளக்க முயல்கிறேன். அது 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் நடந்த ஆட்டம்.

இது எந்தக் கால்பந்து?

முதலில் ஒரு தெளிவு. அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நாம் கல்கத்தாவிலும் கோவாவிலும் பார்க்கிற கால்பந்து அல்ல. அதை அவர்கள் 'சாக்கர்' என்கிறார்கள். இவர்களுடைய பந்து நீள்வட்டமானது. பெரும்பாலும் கையில் பிடித்தே ஓடுகிறார்கள், எறிகிறார்கள். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜ நீளம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள். முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். துணிக்கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கெஜக் கணக்கு சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

புள்ளிக் கணக்கும் எளிதுதான். எதிராளியின் எல்லைக்குள் பந்தோடு நுழைந்தால் 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் கூடுதலாக 1. உதைக்காமல் இன்னொரு முறை எல்லைக்குள் நுழைந்து காட்டினால் 1க்குப் பதில் 2. எல்லைக்குள் நுழைய முடியாதபோது தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. இந்த 1, 2, 3 கணக்கு இந்தக் கதையின் முடிவில் வரப்போகிறது; வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். ஆனால் பார்க்க வருவது மாணவர்கள் மட்டுமல்ல. அந்தக் கல்லூரியில் நாற்பது ஆண்டுக்கு முன் படித்தவர்கள், அந்த ஊர்க்காரர்கள், கல்லூரிப் பக்கமே போகாத பக்கத்து ஊர் விவசாயி எல்லாரும் வருவார்கள். நம்மூரில் ஊர்க் கோயில் தேர் என்றால் வடம் பிடிக்க யாரெல்லாம் வருவார்களோ, அப்படி. தொழில்முறை அணிகள் பெருநகரங்களில் இருக்கின்றன. சிற்றூர்க்காரருக்குத் 'தன் அணி' என்று சொல்லிக்கொள்ள இருப்பது பெரும்பாலும் கல்லூரி அணிதான்.

பெரியவரும் சிறியவரும்

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1817இல் தொடங்கியது. கால்பந்தில் அதன் பெருமை பெரிது. 2007 நிலவரப்படி மொத்த வெற்றிகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அதன் மைதானம் 1927இல் கட்டப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். 'பெரிய வீடு' என்று பொருள்படும் செல்லப் பெயரால்தான் எல்லாரும் அதைச் சொல்வார்கள். பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியது என்பதால் அன்றைக்கு வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. வாசலில் நுழைந்து கீழே எட்டிப் பார்த்தபின்தான் 'அடேயப்பா!' என்று வாய் பிளக்கும்.

ஆப்பலேச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகம் வட கரோலினா மாநிலத்து மலைகளில், பூன் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1899இல் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கி, ஆசிரியர்களைத் தயார் செய்யும் நிறுவனமாக வளர்ந்து, பிறகு பல்கலைக்கழகம் ஆனது. பூனின் மக்கள் தொகை 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 13 ஆயிரத்துச் சொச்சம். மிச்சிகன் மைதானத்துக்குள் அப்படிப்பட்ட ஏழெட்டு ஊர்களை ஊரோடு உட்கார வைக்கலாம்.

இரண்டும் ஒரே தட்டில் ஆடும் அணிகளும் அல்ல. 1978இல் முதல் பிரிவுக் கல்லூரி அணிகளை மேலடுக்கு, கீழடுக்கு என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அந்நாளில் மேலடுக்கு அணி 85 ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை தரலாம். கீழடுக்கு அணிக்கு 63 பேருக்குச் சமமான தொகைதான் அனுமதி. மிச்சிகன் மேலடுக்கிலும் உச்சியில். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களின் வாக்கெடுத்து வெளியிடும் தரவரிசையில் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 5ஆம் இடம். ஆப்பலேச்சியன் கீழடுக்கு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2005, 2006 இரண்டு ஆண்டும் கீழடுக்கின் தேசியப் பட்டத்தை வென்ற அணி அது. பெரிய ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விட்டது இந்த ஒரு வரியைத்தான்.

ஒப்பந்தத்தின் கணக்கு

இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்க, இவர்கள் ஏன் மோதினார்கள்? இங்கேதான் வியாபாரம் வருகிறது.

பெரிய கல்லூரிக்குத் தன் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் என்றால் லட்சம் டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம், தின்பண்டம், தொலைக்காட்சி என்று வருமானம். 2006 முதல் ஆண்டுக்கு 12 ஆட்டம் நிரந்தரமாக ஆடலாம் என்று விதி வந்ததும் அந்தக் கூடுதல் ஆட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. சமபலமுள்ள அணியைக் கூப்பிட்டால், "அடுத்த வருஷம் நீ என் ஊருக்கு வா" என்பான். சின்னக் கல்லூரியோ பதிலுக்கு அழைக்க மாட்டான். பேசின பணத்தைக் கொடுத்தால் போதும். வருமானமும் வரும், வெற்றியும் கணக்கில் ஏறும். சின்னக் கல்லூரிக்கு அந்தப் பணம் ஓராண்டுப் பயணச் செலவு, பயிற்சிக்கூடச் செலவு என்று பல ஓட்டைகளை அடைக்கும். இதற்கு 'கியாரண்டி கேம்' என்று பெயர். உத்தரவாதம் பணத்துக்குத்தான், ஆனால் கொடுக்கிறவர் மனத்தில் வெற்றிக்கும் சேர்த்தே உத்தரவாதம் இருக்கும்.

2007இல் மிச்சிகன் ஆப்பலேச்சியனுக்குக் கொடுத்தது 4 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். நாற்பது வருஷம் கொடுக்கல் வாங்கல் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இருவருக்கும் லாபமான, நேர்மையான ஒப்பந்தம்தான் இது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே ஒரு சரக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை: ஆட்டத்தின் முடிவு. அதையும் வாங்கிவிட்டதாகப் பெரியவர் நினைத்துக்கொண்டார்.

வெளியூர் ரசிகன்

இனி ரசிகர்களுக்கு வருவோம். பூனிலிருந்து ஆன் ஆர்பர் நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 700 கிலோமீட்டர். மலைச்சாலையில் இறங்கிப் போனால் இன்னும் அதிகம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் பொதுவாக வெள்ளிக்கிழமையே காரில் கிளம்பிவிடுவார்கள். ஆட்டம் உள்ள வாரத்தில் அந்த ஊரில் விடுதி வாடகை ஏறிவிடும் என்பதால் சற்றுத் தள்ளி ஓர் ஊரில் தங்குவதும் உண்டு.

சனிக்கிழமை காலையிலேயே மைதானத்தைச் சுற்றிய புல்வெளிகளில் வண்டிகளை நிறுத்திப் பின்கதவைத் திறந்து வைத்து, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். இதற்கு 'டெயில்கேட்' என்று பெயர். அவர்கள் சமைப்பது நம்மில் பலருக்கு ஒத்துவராது. நம் பிள்ளைகள் சோளக்கதிர் சுட்டுக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். ஆடிப்பெருக்கில் ஆற்றங்கரைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. எதிரணி ரசிகன் தன் நிறச் சட்டையோடு அந்தப் பக்கம் போனால் கேலி செய்வார்கள். கூடவே "வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றும் கூப்பிடுவார்கள்.

உள்ளே போனால் நிலைமை வேறு. வந்த அணியின் ரசிகர்களுக்கு அரங்கின் ஒரு மூலையில் கொஞ்சம் இருக்கைகள் ஒதுக்குவார்கள். அன்று மிச்சிகன் மைதானத்தில் 1,09,218 பேர். மஞ்சளும் நீலமுமான கடல். அதற்குள் கறுப்பும் பொன்னிறமுமாக ஒரு திட்டு. சொந்த ஊர்க்காரர்கள் கத்துவது வெறும் கொண்டாட்டம் அல்ல, அதற்கு ஒரு பயன் உண்டு. எதிரணியின் தலைமை ஆட்டக்காரர் தன் ஆட்களிடம் சொல்லும் கட்டளை காதில் விழாமல் செய்வதுதான் அது. அதனால் வெளியூர் அணி கைச்சைகையாலேயே பேசிக்கொள்ளப் பழகி வரவேண்டும். அந்த இரைச்சலுக்கு நடுவே, 'நாங்களும் இருக்கோம்' என்று தம் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்துவதுதான் மூலையில் உட்கார்ந்திருக்கும் ரசிகர்களின் வேலை.

தோற்கப் போகிற ஆட்டத்துக்கு இவ்வளவு செலவு செய்து போவானேன்? ஜெயிப்பதைப் பார்க்கத்தான் போக வேண்டும் என்றால் இவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். தம் ஊர்ப் பெயர் தாங்கிய சட்டையோடு நம் பையன் அந்நிய மண்ணில் நிற்கும்போது, பார்க்க நம்மில் நாலு பேர் அங்கே இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அவர்களைக் கூட்டிப்போகிறது. மகள் வேற்றூர் மேடையில் பாடினால் முன்வரிசையில் போய் உட்காருகிற தாய்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்று நடந்தது

ஆட்டம் அங்கே நண்பகல் 12 மணிக்குத் தொடங்கியது. நமக்கு இரவு ஒன்பதரை. முதலில் புள்ளி எடுத்தது மிச்சிகன்தான். ஆனால் சற்று நேரத்திலேயே ஆப்பலேச்சியன் 68 கெஜ தூரத்தை ஒரே வீச்சில் கடந்து சமன் செய்தது. இடைவேளையின்போது பலகையில் இருந்த கணக்கு ஆப்பலேச்சியன் 28, மிச்சிகன் 17. மைதானத்தில் பாதிப்பேர் பலகை பழுதோ என்று கண்ணைக் கசக்கியிருப்பார்கள்.

பிற்பகுதியில் பெரியவர் எழுந்தார். ஆட்டம் முடிய நாலரை நிமிடம் இருக்கும்போது மைக் ஹார்ட் என்ற மிச்சிகன் வீரர் 54 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டார். மிச்சிகன் 32, ஆப்பலேச்சியன் 31. அடுத்து மிச்சிகனுக்குப் பந்தும் கிடைத்து, 3 புள்ளிக்கு உதைக்கும் வாய்ப்பும் வந்தது. அதைச் சின்ன அணியின் ஆள் ஒருவர் குதித்துத் தடுத்துவிட்டார். மீதி ஒன்றரை நிமிடம் சொச்சம். கையில் 'டைம் அவுட்' எதுவும் இல்லை. ஆர்மான்டி எட்வர்ட்ஸ் என்ற இரண்டாம் ஆண்டு மாணவரின் தலைமையில் ஆப்பலேச்சியன் விறுவிறுவென்று எல்லை அருகே போய்ச் சேர்ந்தது. 26 வினாடி இருக்கும்போது 24 கெஜத்திலிருந்து உதைத்தார்கள். 34-32.

அதோடும் முடியவில்லை. மிச்சிகன் ஒரு நீண்ட வீச்சில் மறுபடி முன்னேறி, 6 வினாடி இருக்கும்போது 37 கெஜத்திலிருந்து உதைக்க நின்றது. போயிருந்தால் 35-34 என்று தப்பித்திருக்கும். கோரி லிஞ்ச் என்ற ஆட்டக்காரர் பாய்ந்து வந்து அந்தப் பந்தையும் தடுத்து, அதை எடுத்துக்கொண்டே ஓடினார். ஓடி முடிப்பதற்குள் நேரமும் முடிந்தது. தரவரிசையில் இருந்த மேலடுக்கு அணியை 1978க்குப் பிறகு ஒரு கீழடுக்கு அணி தோற்கடித்தது அதுவே முதல் முறை.

பூனில் தங்கிவிட்ட மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆட்டமே நடக்காத தங்கள் மைதானத்துக்குள் போய் இலக்குக் கம்பத்தைப் பிடுங்கி, ஊர்வலமாய்ச் சுமந்து பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். பிள்ளைகள் செய்கிற காரியம்!

பின்னர் பேசிய பேச்சு

இத்தகைய தோல்விக்கு 'அப்செட்' என்று பெயர். நம் செய்தித்தாள்கள் 'அதிர்ச்சித் தோல்வி' என்று எழுதும். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் 183 ரன்னுக்குள் சுருண்ட நம் அணி, மேற்கிந்தியத் தீவுகளை வீழ்த்தியபோது நாம் எத்தனை நாள் பேசினோம்! அங்கேயும் அப்படித்தான். அவர்கள் பேச்சை மூன்று கட்சியாகப் பிரிக்கலாம்.

ஒரு கட்சி, "அதிர்ஷ்டம்" என்றது. இவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. மிச்சிகன் அன்று இரண்டு முறை 1 புள்ளி உதையை விட்டுவிட்டு 2 புள்ளிக்கு முயன்றது. இரண்டு முறையும் கிடைக்கவில்லை. இரண்டிலும் உதைத்து ஒவ்வொரு புள்ளி எடுத்திருந்தால், மற்றதெல்லாம் அப்படியே நடந்திருக்கும் பட்சத்தில், 34-34. கணக்கு சரி. ஆனால் அந்தச் சின்ன அணி 34 எடுத்ததே, அதை அதிர்ஷ்டம் என்ற தலைப்பில் பற்று எழுத முடியாது.

இரண்டாம் கட்சி, "தலைக்கனம்" என்றது. பயிற்சியாளர் லாயிட் கார் அணியைத் தயார் செய்யவில்லை, இந்த ஆட்டத்தை ஏற்றதே தவறு. ஜெயித்தால் யாரும் பாராட்டப் போவதில்லை, தோற்றால் நாடே சிரிக்கும் என்றார்கள். இதில் பாதி உண்மை. ஆனால் அது சப்பை அணியும் அல்ல. அதில் ஆடிய ஜேக் லாங் அடுத்த 2008ஆம் ஆண்டில் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர்.

மூன்றாம் கட்சி சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. "அவர்கள் வேறு விதமாக ஆடினார்கள்" என்றது அது. பருமனிலும் பலத்திலும் மிச்சிகனோடு மல்லுக்கட்ட முடியாது என்று பயிற்சியாளர் ஜெர்ரி மூருக்குத் தெரியும். அவர் அணி சில ஆண்டுகளுக்கு முன்பே 'ஸ்ப்ரெட்' என்ற முறைக்கு மாறியிருந்தது. ஆட்டக்காரர்களை மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரப்பி நிறுத்துவது. தலைமை ஆட்டக்காரர் எறியவும் செய்வார், தானே ஓடவும் செய்வார். பெரிய உடம்புக்காரர் பரந்த இடத்தில் ஓடிப்பிடிக்க வேண்டும். அங்கே பருமனே பாரம் ஆகிவிடும். மேற்கு வர்ஜீனியாவில் ரிச் ராட்ரிகஸ் என்ற பயிற்சியாளர் இதில் தேர்ந்தவர். மூரின் ஆட்கள் அங்கே போய்ப் பார்த்துக் கற்று வந்தவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவத்தோடு லாயிட் கார் ஓய்வு பெற, மிச்சிகன் அழைத்து வந்தது அதே ராட்ரிகஸைத்தான். 2008இல் மிச்சிகன் 12 ஆட்டத்தில் 3 மட்டுமே ஜெயித்தது. மூன்று பருவம் பார்த்துவிட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். முறையைக் காசு கொடுத்து வாங்கலாம். அதற்கேற்ற ஆட்களும் சில வருஷப் பழக்கமும் கடையில் கிடைக்காது.

ஆட்டம் முடிந்த அதே வாரத்தில் அசோசியேட்டட் பிரஸ் தன் விதியை மாற்றியது. அதுவரை மேலடுக்கு அணிகளுக்கு மட்டுமே வாக்களிக்கலாம் என்றிருந்ததை, கீழடுக்கு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்று திருத்தியது. 5ஆம் இடத்திலிருந்த மிச்சிகன் 25 பேர் பட்டியலிலிருந்தே விழுந்தது. ஒரு சிற்றூர் அணி புள்ளிப் பலகையோடு நிற்காமல் விதிப் புத்தகத்தையும் அசைத்தது என்பதால்தான் அந்த ஆட்டத்தை இன்றும் பேசுகிறார்கள்.

பின்கதை

வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்தினால் கணக்கு முழுமை ஆகாது. மிச்சிகன் அந்தப் பருவத்திலேயே தேறி 9 ஆட்டங்கள் வென்று, கடைசியில் புளோரிடாவையும் தோற்கடித்தது. ஆப்பலேச்சியன் மூன்றாம் முறையாகத் தன் அடுக்கின் பட்டத்தை வென்றது. 2014 ஆகஸ்ட் 30 அன்று அதே மைதானத்தில் இருவரும் மறுபடி சந்தித்தபோது மிச்சிகன் 52-14 என்று பதில் சொல்லிவிட்டது. ஒரு நாள் ஜெயித்ததால் இருவரும் சமம் ஆகிவிடவில்லை.

ஆனால் பூன்காரர்கள் 2014இல்தான் மேலடுக்குக்கும் ஏறினார்கள். 2022 செப்டம்பர் 10 அன்று 6ஆம் இடத்திலிருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம் அவர்களை 15 லட்சம் டாலர் கொடுத்து அழைத்து, 17-14 என்று தோற்றது. அதே நாளில் மார்ஷல் பல்கலைக்கழகம் நோத்ர டேமையும், ஜார்ஜியா சதர்ன் நெப்ராஸ்காவையும் அவரவர் மைதானத்திலேயே வீழ்த்தின. பணம் கொடுத்து அழைக்கும் வழக்கம் நிற்கவில்லை. அழைக்கப்பட்டவர்கள் எப்போதாவது ஜெயித்துவிடுவதும் நிற்கவில்லை. பத்தில் ஒன்பது முறை பெரியவர்தான் ஜெயிப்பார் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பத்தாவது எந்தச் சனிக்கிழமையில் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகத்தான் வேண்டும்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். வேற்று மொழிக் கூட்டத்தில் நம் மொழி பேச ஒரு மூலை தேடிக்கொண்டவர்கள். இந்தச் சங்கமே அப்படி ஒரு மூலைதானே! அன்று ஆன் ஆர்பர் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு நடுவே கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் அணி ஜெயிக்கும் என்று தெரிந்து போனவர்கள் அல்லர். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார்கள். அதனால் பார்க்கக் கிடைத்தது.

எனவே அடுத்த முறை பிள்ளை "வெளியூர் மேட்ச்" என்றால் திட்ட வேண்டாம். வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், பரீட்சை எப்போது என்று கேளுங்கள். அப்புறம், "உங்க காலேஜ் பெரிசா, சின்னதா? யாரு யாரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டாங்க?" என்று ஒரு கேள்வி போடுங்கள். பிள்ளை ஒரு மணி நேரம் பேசுவான்.